கால் சொன்னதில் பாதி

அத்தியாயம் 6

பொலிஸ் நிலையத்தின் பின்முற்றத்தில், பிடிபட்ட மணல் டிப்பர்களுக்கும் துருவேறிய மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவே, அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. முன்பாதியில் ஒரு கீறல் இல்லை. பின்பாதியை யாரோ கையால் கசக்கி எறிந்ததுபோல் இருந்தது.

“முன்னால நிண்டு பாத்தா கலியாண மாப்பிள்ளை. பின்னால நிண்டு பாத்தா காயப்போட்ட கருவாடு” என்றான் பைசர்.

மாக்கிறட் திரும்பிப் பார்த்தாள். “இண்டைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு வேலை செய்யேலாதோ?”

“ஏலும் மிஸ். ஆனா வேலை நடக்காது.”

மாக்கிறட்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. வங்காலைக்காரி. இருபது வருடங்களுக்கு மேல் ஒரு காப்புறுதிக் கம்பனியில் விபத்துகளை விசாரித்து அறிக்கை எழுதியவள். அங்கிருந்து விலகி, மன்னார் நகரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் கந்தோர் திறந்திருந்தாள். பைசர் வாகன வயர் வேலைக்காரன். கை சுத்தம், வாய்தான் வாடிக்கையாளர்களைத் துரத்திவிட்டது. கடையைப் பூட்டிவிட்டு அவளுடைய உதவியாளாகச் சேர்ந்து மூன்று வருடமாகிறது.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவர் எருக்கலம்பிட்டியில் மீன்வாடி வைத்து மீன் வியாபாரம் செய்யும் சனூன். அவருடைய மகன் றினாஸ், கட்டாரில் ஏழு வருடம் உழைத்து வந்து வாங்கிய கார் இது. நான்கு கிழமைக்கு முன் ஒரு பின்னேரம் தங்கை ரிஸ்னாவை டியூஷன் வகுப்பிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தான். தோட்டவெளிப் பக்கம் ஓர் ஒழுங்கையில் கதவில்லாத ரயில் கடவை. உடைமரப் பற்றை தண்டவாளத்தை மறைத்து நிற்கும். முன்சில்லு தண்டவாளத்தில் ஏறிய பிறகுதான் தலைமன்னார் ரயிலைக் கண்டான். அக்சிலேற்றரை அடிவரைக்கும் அமத்தினானாம். கார் பாயவில்லையாம். யோசித்து யோசித்து நகர்ந்ததாம். ரயில் பின்பக்கத்தில் அடித்துக் காரைச் சுழற்றி எறிந்தது. றினாஸுக்குக் கை முறிந்தது. பத்தொன்பது வயது ரிஸ்னா இன்னும் கண் விழிக்கவில்லை.

அவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் நூறைத் தொடும் கார் நகரவில்லையாம் என்று ஊரே சிரித்தது. வாகனப் பரிசோதகர் பார்த்துவிட்டு, இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். றினாஸ் வவுனியா சிறையில் விளக்கமறியலில் இருந்தான். நாளை மறுநாள் வழக்கு.

“என்ர மகன் பொய் சொல்ல மாட்டான் மிஸ். அதை மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்கோ” என்று சனூன் அவளுடைய மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டது அவளுக்கு இன்னும் கண்ணில் நின்றது.

றினாஸின் லோயர் கொடுத்த கடிதத்தைக் காட்டி அனுமதி வாங்கியிருந்தார்கள். காவலுக்கு நின்ற கொன்ஸ்டபிள் டிலோஜன் நிழல் பார்த்து ஒதுங்கினான். பைசர் பொனெற்றைத் திறந்தான்.

“கார் சோம்பேறியாகிறதுக்கு நாலைஞ்சு காரணம்தான் மிஸ். முதல் காரணம் மூச்சு.” காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினான். கொஞ்சம் மணல் உதிர்ந்தது. “மன்னாரில இவ்வளவு மணல் என்ர மூக்குக்குள்ளயே இருக்கும். இது காரணமில்ல.”

பெற்றோலை ஒரு போத்தலில் எடுத்து மணந்தான். மண்ணெண்ணெய் கலப்பில்லை. காற்றை உள்ளே விடும் கதவைத் திறந்து விரலால் தடவினான். கரி பிடிக்கவில்லை. காலுக்குக் கீழே இருந்த விரிப்பு பெடலில் முட்டுகிறதா என்று பார்த்தான். முட்டவில்லை. கடைசியாகப் பற்றரியை மாட்டி, தன் ஸ்கானரையும் செருகி, காரை ஸ்டார்ட் பண்ணினான். வெளியே நின்றபடி கையால் பெடலை ஒரு குத்துக் குத்தினான்.

எஞ்சின் உறுமிய உறுமலில் சுவரில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. டிலோஜன் தொப்பியைப் பிடித்துக்கொண்டான்.

பைசர் எஞ்சினை நிற்பாட்டினான். முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. “மிஸ், கால் வைக்க முந்தியே கேக்குது. இது தூங்கிற காரில்ல.”

“அப்ப றினாஸ் பொய் சொல்றான்.”

“இல்லாட்டி அவனுக்கே விளங்கேல்ல.”

மாக்கிறட் டிப்பரின் நிழலில் போய் நின்றாள். பழைய வேலையில் இப்படி எத்தனை அறிக்கை எழுதியிருப்பாள்! ‘வாகனம் நல்ல நிலையில்; தவறு சாரதியுடையது.’ மூன்று வரி, ஒரு கையெழுத்து, அடுத்த கோப்பு. இன்றைக்கும் அதே மூன்று வரியைச் சனூனிடம் போய்ச் சொல்லவேண்டும். ஒரு பிள்ளை கட்டிலில், ஒரு பிள்ளை கம்பிக்குள். அந்த மனிதருக்கு அவள் வேறென்ன கொடுக்கமுடியும்? ஒன்றுமில்லை. வெயில் தலைக்குள் இறங்கியது. திரும்பிப் போவதற்காகக் கார்க் கதவைச் சாத்தப் போனவள் அப்படியே நின்றாள்.

“பைசர், நீங்க சீற்றைத் தள்ளினீங்களோ?”

“இல்லையே. நான் உள்ளுக்கே ஏறேல்ல.”

சாரதி இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளப்பட்டிருந்தது. றினாஸ் நடுத்தர உயரம். அந்த இருக்கையில் சாய்ந்தால் அவனுக்கே கால் எட்டுவது சந்தேகம்.

“தம்பி, பரிசோதகர் இதில இருந்தவரோ?” என்று டிலோஜனிடம் கேட்டாள்.

“இல்ல மிஸ். சீற்றில ரத்தம் எண்டு அவர் இருக்கேல்ல. வெளிய குந்தியிருந்துதான் மெசினைக் கொழுவினவர். நான் பக்கத்தில நிண்டனான்.”

“அப்ப கடைசியா இருந்தது?”

“கராஜ் றெனால்ட். ட்ரக்டரில கட்டி இழுத்துக்கொண்டு வரேக்க அவர்தான் உள்ளுக்க இருந்து ஸ்டியரிங் பிடிச்சவர். சனூன் முதலாளிதான் கூப்பிட்டவர்.”

“றெனால்ட் நல்ல உயரமோ?”

டிலோஜன் சிரித்தான். “என்ர தோளுக்கு வரமாட்டார்.”

பைசர் இருக்கையையும் பெடலையும் மாறி மாறிப் பார்த்தான். “தோளுக்கு வராத மனுசன் இதில இருந்துகொண்டு பிரேக்கை எதால அமத்தினவர்? செபத்தாலயோ?”

“கார் நிண்டபிறகுதான் சீற்றைத் தள்ளியிருக்கிறார்” என்றாள் மாக்கிறட் மெதுவாக. “ஏன் தள்ளுவினம் பைசர்?”

“நான் தள்ளுறதெண்டா ஒரே ஒரு காரணம்தான். மல்லாந்து படுத்துக்கொண்டு டாஷ்போட்டுக்குக் கீழ தலையை விட.” சொல்லிக்கொண்டே அவன் சாக்கு ஒன்றை விரித்து, அப்படியே தலையை உள்ளே விட்டான். குகைக்குள்ளிருந்து பேசுவதுபோல் குரல் வந்தது. “மிஸ், இஞ்ச எல்லா வயரிலயும் புழுதி. பெடலில கொழுவியிருக்கிற பிளக் மட்டும் துடைச்ச மாதிரி இருக்கு. மேல பசை ஒட்டின அடையாளம் ஒண்டு, தீப்பெட்டி அளவில.”

அவன் வெளியே வந்தபோது விரல் நுனியில், வயர்களை இறுக்கிக் கட்டும் பிளாஸ்டிக் வார் ஒன்று வெட்டுண்டு இருந்தது. வெட்டிய முனை வெள்ளையாக, புதிதாக இருந்தது.

“என்ன அது?”

“இந்தக் காரில பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில கம்பி இல்ல மிஸ், வயர்தான். கால் எவ்வளவு அமத்துதெண்டு செய்தி போகும், எஞ்சின் அதைக் கேட்டு ஓடும். நடுவில ஒரு சின்னப் பெட்டி பூட்டலாம். அது கால் சொல்றதைக் கூட்டியும் சொல்லும், குறைச்சும் சொல்லும். குறைச்சு வைச்சா, நீங்க முழுசா அமத்துங்கோ, எஞ்சினுக்குப் பாதிதான் கேக்கும். அதுவும் ஆறுதலாக் கேக்கும்.” பைசர் நெற்றியைத் துடைத்தான். “றினாஸ் பொய் சொல்லேல்ல மிஸ். யாரோ பெட்டியைப் பூட்டியிருக்கினம், பிறகு கழட்டியிருக்கினம்.”

தலைமன்னார் வீதியில் றெனால்டின் கராஜுக்கு அவர்கள் போனபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். றெனால்ட் ஒரு டயரின்மேல் குந்தியிருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார். மாக்கிறட் அந்தப் பிளாஸ்டிக் துண்டை அவருக்கு முன்னால் இருந்த பெஞ்சில் வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். பார்சலைத் திரும்ப மடித்தார்.

“எறியத்தான் போனனான்” என்றார். “பாலத்தடியில ரெண்டு தரம் போய் நிண்டன். கை வரேல்ல.”

பழைய பற்றரிப் பெட்டி ஒன்றுக்குள் கையை விட்டு, துணியில் சுற்றிய கறுப்புப் பெட்டியொன்றை எடுத்து வந்தார். இருபக்கமும் வயர் வால் தொங்கியது. பைசர் வாங்கிப் பார்த்தான்.

“ஆகக் குறைவான இடத்தில வைச்சிருக்கிறீங்கள் அண்ணை. இதைவிடக் கீழ போனா காரை இறங்கித் தள்ளோணும்.”

“தெரியும்.”

“றினாஸ் உங்களிட்ட வந்து கேக்கேல்லையோ?” என்றாள் மாக்கிறட்.

“ரெண்டு தரம் வந்தவன். ‘றெனால்ட் அண்ணை, கார் தூங்குது, பாருங்கோ’ எண்டு. உப்புக் காத்து, ஃபில்டர் அடைச்சிட்டுது எண்டு ஏதோ சொல்லி அனுப்பிட்டன்.” “அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகேக்க நான் அங்க நிண்டன் மிஸ். பொலிஸ் இந்தப் பெட்டியைக் கண்டா என்னைத்தான் கொலைகாரன் எண்டு பிடிக்கும். பொலிஸ் முற்றத்தில கார் நிண்டதும், கயிறு அவிழ்க்கிற நேரத்தில கழட்டினன்.”

“நீங்களா பூட்டினீங்கள்? உங்களுக்கு அவனோட என்ன கோபம்?”

“கோபமோ? மாதாவே! என்ர மகள் முதல் நன்மை எடுக்கேக்க அவளைக் கோயிலுக்கு அந்தக் காரில ஏத்திக்கொண்டு போனவன் அவன்.”

“அப்ப யார் சொல்லிப் பூட்டினது?”

றெனால்ட் வீதியால் போன பஸ் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாக்கிறட் காத்திருந்தாள். ஒரு எதிரி, ஒரு கூட்டாளி, ஒரு பொறாமைக்காரன் என்று அவளுடைய மனம் வரிசை கட்டிக்கொண்டிருந்தது.

“உங்களை அனுப்பினவர்தான்” என்றார் றெனால்ட்.

அவளுக்கு உடனே விளங்கவில்லை. பைசர்தான் முதலில் வாயில் கையை வைத்தான்.

“சனூன் முதலாளி ஒருநாள் மகனோட காரில போயிருக்கிறார். மதவாச்சி ரோட்டில, நூற்றி நாற்பது. கழுதைக் கூட்டம் குறுக்க வந்து தப்பினது அருந்தப்பு. அடுத்த நாள் விடிய இஞ்ச வந்திட்டார். எண்பதுக்கு மேல போகாமச் செய்யேலுமோ, மகனுக்குத் தெரிய வேண்டாம் எண்டு கையைப் பிடிச்சுக் கேட்டவர். அதுக்குரிய சாமான் என்னட்ட இல்ல. இதுதான் கிடந்தது. தெரியாதெண்டு சொல்ல வெக்கத்தில, எண்பதுக்குப் பூட்டுப் போட்டிட்டன் எண்டு சொல்லிட்டன்.”

“அவருக்கு இது என்ன செய்யுமெண்டு தெரியாது?”

“இண்டைக்கு வரைக்கும் தெரியாது மிஸ்.”

ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில், பார்வையாளர் நேரத்துக்காகப் பிளாஸ்டிக் கதிரையில் சனூன் காத்திருந்தார். மடியில் ஒரு சூட்டுப் போத்தல். கண் விழிக்காத பிள்ளைக்காகத் தினமும் கஞ்சி கொண்டுவருகிறார் என்று தாதி சொல்லியிருந்தாள். மாக்கிறட்டைக் கண்டதும் எழும்பினார்.

“ஏதும் கிடைச்சுதா மிஸ்?”

“உங்கட மகன் பொய் சொல்லேல்ல. அடிமட்டும் அமத்தினதுதான். காரில ஒரு பெட்டி பூட்டியிருந்தது.”

“அல்ஹம்துலில்லாஹ்!” அவர் முகத்தை இரு கையாலும் தடவிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. “யார் அந்தப் பாவி?”

விசாரிக்கிற வேலைக்கு வந்த நாளிலிருந்து மாக்கிறட்டுக்குக் கேள்விதான் தொழில். பதில் சொல்வதற்கு அவளுக்குப் பழக்கமில்லை. பைசர் பக்கம் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“றெனால்ட் பூட்டினது. நீங்க சொல்லி.”

“அது எண்பதுக்குப் போட்ட பூட்டெல்லோ மிஸ்? கடவையில மகன் மெதுவாத்தானே போனவன். பத்தில போற காரை எண்பதுக்குப் போட்ட பூட்டு என்ன செய்யும்?”

வாதாட அவர் அதைக் கேட்கவில்லை. யாராவது தெரிந்தவர் விளங்கப்படுத்தினால் போதும் என்பதுபோல் கேட்டார். மாக்கிறட் விளங்கப்படுத்தினாள். பூட்டு என்று ஒன்று இல்லவே இல்லை என்றும், கால் சொன்னதில் பாதியைத்தான் அந்தப் பெட்டி எஞ்சினுக்குக் கொடுத்தது என்றும், கடவையில் அந்த இரண்டு செக்கன் அப்படித்தான் போனது என்றும் சின்னச் சின்ன வசனமாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல, சனூனின் வலது கால் தாழ்வாரத்துச் சீமெந்தை அமத்துவதை அவள் கண்டாள். அவருக்கே அது தெரியவில்லை.

“என்னட்டயும் சொன்னவன்” என்றார் கடைசியில். “சாப்பிடேக்க. ‘வாப்பா, கார் இப்ப தூங்குது’ எண்டு. நான் உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டனான் மிஸ்.”

பார்வையாளர் நேர மணி அடித்தது. சனம் உள்ளே போனது. அவர் போகவில்லை. சூட்டுப் போத்தலைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, ரிஸ்னா கிடந்த பெண்கள் விடுதிக் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மாக்கிறட் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். எல்லாம் சரியாகிவிடும் என்று எந்த வாயால் சொல்வது?

“நாளைக்கு வவுனியாவுக்குப் போவம்” என்றார் சனூன். “நீங்க ரெண்டு பேரும் வாங்கோ. எனக்கு வாய் வராட்டி நீங்க சொல்லுங்கோ.”

மறுநாள் காலை பைசர்தான் வானை ஓட்டினான். மதவாச்சி ரோட்டில் ஒரு இடத்திலும் அறுபதைத் தாண்டவில்லை. ஒரு பகிடியும் விடவில்லை.

மறியல் வீட்டில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் றினாஸ் வந்து நின்றான். முறிந்த கை கட்டுப்போட்டுத் தொங்கியது. நான்கு கிழமையில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. சனூன் வாயைத் திறப்பதற்குள் அவன் தொடங்கிவிட்டான்.

“வாப்பா, லோயரிட்டச் சொல்லி விட்டிருக்கிறன். நாளைக்குக் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போறன்.”

“ஏன் மகன்?”

“ஒவ்வொரு நாளும் படுத்திருந்து காலை அமத்தி அமத்திப் பாக்கிறன். முதல் கிழமை நல்லா ஞாபகம் இருந்தது. இப்ப தெரியேல்ல வாப்பா. எல்லாரும் நான் பயந்து நிண்டிட்டன் எண்டுதானே சொல்லினம்? பிரேக்கை அமத்தியிருப்பன் போல. இல்லாட்டி கார் ஏன் போகேல்ல?”

மாக்கிறட் தலையைக் குனிந்தாள். மூன்று வரி அறிக்கைகள் மனிதர்களை என்ன செய்யும் என்று அவள் இதுவரை கண்ணால் கண்டதில்லை.

“நீ அக்சிலேற்றரைத்தான் அமத்தினனீ” என்றார் சனூன்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

சனூன் வலையில் இரண்டு கையையும் வைத்தார். மாக்கிறட்டின் உதவி அவருக்குத் தேவைப்படவில்லை. கழுதைக் கூட்டத்தைச் சொன்னார். விடிய எழும்பி றெனால்டிடம் போனதைச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் சந்தோஷப்பட்டதையும் விடாமல் சொன்னார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்தே திரும்பத் தொடங்கினார்.

றினாஸ் கேட்டு முடித்தான். கோபப்படுவான் என்று மாக்கிறட் எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் சனூனுக்கு அது லேசாக இருந்திருக்கும்.

“ரிஸ்னா முழிச்சிட்டாளா?” என்று கேட்டான்.

“இன்னும் இல்ல.”

“முழிச்சா அவளுக்கு இதைச் சொல்லாதீங்கோ வாப்பா. நான் பிழை விட்டன் எண்டே இருக்கட்டும். என்னை நாலு ஏச்சு ஏசுவாள், பிறகு மறந்திடுவாள். உங்கட பிழையை அப்பிடி மறக்க அவளால ஏலாது.” பிறகு மாக்கிறட் பக்கம் திரும்பினான். “மிஸ், அந்தப் பெட்டி உங்களிட்டயா இருக்கு? எங்கயாவது போட்டிடுங்கோ. நான் கேக்கிறன்.”

பெட்டியைக் கோட்டில் கொடுத்தால் தகப்பன் மாட்டுவார். கொடுக்காவிட்டால் மகன். கண்டுபிடிப்பதுவரைதான் அவளுடைய கெட்டித்தனம். அதற்கு அப்பால் அவளுக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

காவலர் சிங்களத்தில் நேரம் முடிந்தது என்றார். முறியாத கையில் பிடித்து றினாஸைக் கூட்டிக்கொண்டு போனார். “வேண்டாம் வாப்பா, வேண்டாம்” என்று அவன் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே போனான். உள்கதவு சாத்தியபிறகும் அது கேட்டது.

சனூன் வலையிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கை இரண்டிலும் கம்பி அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது.

“லோயரின்ர கந்தோர் எத்தினை மணி வரைக்கும் மிஸ்?”

“அஞ்சு மணி வரைக்கும் இருப்பார்.”

“அப்ப கெதியாப் போவம். நான் செய்ததை இண்டைக்கே எழுதிக் கையெழுத்து வைக்கோணும்.” அவர் ஏற்கனவே நடக்கத் தொடங்கியிருந்தார். “இரவைக்கு வீட்ட போய்ப் படுத்தா, நாளைக்கு எனக்கு அவன் சொன்னதுதான் சரியெண்டு படும்.”

பைசர் வானை எடுக்க ஓடினான்.